கச்சானுக்குப் பூட்டிய யன்னல்கள்

எங்கள் வீட்டில் யன்னல்கள் இருக்கின்றன, யன்னல் கதவுகள் இல்லை. நான்தான் கழற்றினேன். பிணைச்சல்களை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து, எட்டுக் கதவுகளையும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறேன். கச்சான் வீசும் மாதங்களில் சோற்றுப் பானைக்குள் மண் விழுகிறது. பாயை உதறினால் முற்றம் முழுக்கப் புழுதி. எனக்கு மண்டை பிசகிவிட்டதாக அயலில் பேச்சு. கதவில்லாத யன்னல் போதாதென்று, விடிந்தால் பொழுதுபடும்வரை என் குரல் வேறு அதன் வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கிறதாம். பேசட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே. கள்வர் வருவார்கள் என்று ஒருத்தி பயம் காட்டினாள். இந்த வீட்டில் எடுத்துப்போக என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். 

கச்சானை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது மேற்கிலிருந்து வரும் காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருக்கிற வயல் வட்டைகளின் மண்ணையும் வைக்கோல் தூசையும் அள்ளிக்கொண்டு, கரை வற்றிய வாவியைக் கடந்து எங்கள் பக்கம் வரும். காற்று என்றால் குளிர வேண்டும், இது சுடும். உதடு வெடிக்கும், கண் எரியும், மனிதர்கள் காரணமில்லாமல் சண்டை பிடிப்பார்கள்.

அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்தபடிதான் எங்கள் பெயின்ட் தொழிற்சாலை இருந்தது. ஏறாவூரைத் தாண்டி வந்தாறுமூலைக்குப் போகும் பாதையில் இடது பக்கம் இறங்கினால் வாவிக்கரை. அங்கே தகரக் கூரை போட்ட ஒரு நீள மண்டபம். அதற்குள் நான்கு கலக்கும் தொட்டிகள், பெயின்டை இளக்குகிற தின்னர் நிரம்பிய இரும்புப் பரல்கள், டின்னில் நிரப்புகிற மேசை. ஒரு மூலையில் கண்ணாடி வைத்து அடைத்த சின்ன அறை. அது என்னுடையது, செக்கிங் அறை. பெயின்ட் போதிய தடிப்பாக இருக்கிறதா, எவ்வளவு நேரத்தில் காய்கிறது, காய்ந்தபின் தடவிப் பார்த்தால் வழுவழுப்பாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பது என் வேலை. உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்து, பரீட்சையில் தவறினவள் நான். தவறினவளுக்கு ஒரு தனி அறையும், மின்விசிறியும், வெள்ளை மேலங்கியும் கிடைத்ததில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கணவர். நிறம் சேர்க்கிறவர். மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்று சொல்வது போல அவரை எல்லாரும் கலர் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். உடைந்த ஓட்டுத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினாலும், பழைய சுவரின் சுண்ணாம்புச் செதிலைக் கொண்டுவந்து கொடுத்தாலும், கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு தூள்களைக் கையளவில் எடுத்துக் கலப்பார். தராசு இல்லை, அளவுக் கரண்டி இல்லை, கண் மட்டும்தான். கலக்கும்போது வாய்க்குள் ஏதாவது பாடிக்கொண்டிருப்பார். ஒரு தடவை ஒருவர் பாதி மஞ்சளாகிவிட்ட பூவரசம் இலையைக் கொண்டுவந்து, வீட்டு முன்சுவருக்கு இதே நிறம் வேண்டும் என்றார். நாங்கள் சிரித்தோம். அன்று பின்னேரம் இவர் தகரத் துண்டு ஒன்றில் பூசிக் காயவைத்து, அதன்மேல் அந்த இலையை வைத்தார். இலை எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது. நான் அவரைக் கட்டியதே அந்தக் கண்ணுக்காகத்தான்.

தொல்லை கதவுப் பெயின்டில் தொடங்கியது. கதவுக்கு அடிக்கிற பளபளப்பான பெயின்ட் காய்ந்தபின் மண் குறுணி தட்டுப்பட்டது. கச்சான் மாதங்களில் செய்த டின்கள் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. முதலாளி என் அறைக்குள் வந்து, “என்னத்தப் பாத்துக் கையெழுத்து வெச்சாய்?” என்று கத்தினார். எனக்கு அவமானம் பொறுக்கவில்லை. இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் அவரிடம் போய்ச் சொன்னேன்: வாவிப் பக்கத்து யன்னல் எல்லாவற்றையும் பூட்டுவோம். கதவு இடுக்கால் வரும் தூசுக்கு, சணல் சாக்குகளை வாவித் தண்ணீரில் நனைத்துக் குறுக்கே தொங்கவிடுவோம். காய்ந்தால் மறுபடி நனைப்போம்.

ஒரே கிழமையில் குறுணி போய்விட்டது. கண்ணாடி போல வழுக்கியது பெயின்ட். படித்த பிள்ளை என்றால் இதுதான் என்று முதலாளி எல்லாருக்கும் முன்னால் சொன்னார். நான் சாக்குகளை முறைப்படி நனைக்கிறார்களா என்று நின்று பார்த்தேன். ஈரம் காய்ந்திருந்தால் ஏசினேன். அந்த யோசனையைச் சொன்னவள் நான், வேறு யாருமில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

தூசு உள்ளே வராமல் நின்றது. உள்ளே இருந்தது வெளியே போகாமலும் நின்றது. தகரக் கூரை காய, தின்னரும் மற்றப் பரல்களில் இருந்ததும் ஆவியாகி அந்த மண்டபத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. பத்து மணியாகும்போது கண் கரிக்கும், தொண்டை இனிக்கும். அப்படி ஓர் இனிப்பு அந்த வாடைக்கு உண்டு. என் அறைக் கதவை மூடிக்கொண்டு மின்விசிறியைப் போட்டால் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

அதற்குத் தயிர் கொடுத்தார்கள். எருமைத் தயிர், அந்த வாடையைப் பிடித்து வயிற்றோடு கீழே இறக்கிவிடும் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, ஆனால் சந்தேகப்பட்டவர் ஒருவரும் இல்லை. முதலாளி நல்ல மனத்தோடு கச்சான் காலம் முழுக்கத் தயிர்ச் சட்டிகள் இறக்குவார். பத்து மணிக்கு எல்லாரும் பரல்களுக்குப் பக்கத்திலேயே குந்தி, சர்க்கரை போட்டுத் தின்போம். தின்ற பிறகு வாடை குறைந்தது போலவே இருக்கும். மூக்குக்குக் கட்டும் துணிகள் ஒரு பெட்டி நிறைய அலுமாரியில் கிடந்தன, தயிர் தின்றவருக்கு அது எதற்கு என்று கிடந்தன. வேலை முடிந்ததும் கையில் பிடித்த பெயின்ட் போகத் தின்னரை ஊற்றி முழங்கை வரை கழுவி, எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவார்கள். என் கணவர் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அப்படிக் கழுவுவார். ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்குப் போகிறவருக்குக் கை சுத்தமாக இருக்க வேண்டுமே.

டின் நிரப்புகிற மேசையில் ஏறாவூரைச் சேர்ந்த முஸ்லிம் பெண் ஒருவர் வேலை செய்தார், நாங்கள் லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யன்னல்களைப் பூட்டிய முதல் வருடமே என்னிடம் வந்தார்.

“புள்ள, ஒரு யன்னலயாவது திறந்து உடுங்க. நெஞ்ச அடைக்கிது.”

“லாத்தா, தயிர் தின்னல்லயா நீங்க? தின்னுட்டு வாங்க. யன்னலத் தொட்டா எனக்குப் பொல்லாத கோவம் வரும்.”

அவர் மேசைக்குத் திரும்பிப் போனார். அந்தக் கச்சான் முடிவதற்குள் வேலையை விட்டு நின்றுவிட்டார். கடைசி நாள் என் அறை வாசலில் வந்து நின்று, “நான் போறன் புள்ள. ஒங்கட மாப்பிளயக் கொஞ்சம் பாத்துக்கங்க. அவர் இப்ப பாட்டுப் படிக்கிறல்ல” என்றார். மனிதர் வயது போனால் பாடுவதை விடுவதுதான் என்று நான் நினைத்தேன். அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது.

பாட்டு நின்றதற்குப் பிறகு மற்றவை வந்தன. திங்கட்கிழமைத் தலையிடி எல்லாருக்கும் இருந்தது. ஞாயிறு வீட்டில் நின்றுவிட்டுத் திங்கள் உள்ளே போனால் வாடை புதிதாக அடிக்கும், புதன்கிழமை பழகிவிடும். இவருக்குப் புதனும் இடித்தது, பிறகு ஞாயிறும் இடித்தது. ஒரு நாள் நான் கிணற்றடியில் நிற்க, அடுப்பில் கருவாடு கருகிப் புகை முற்றத்துக்கு வருகிறது. இவர் அடுப்புக்கு ஒரு முழத்தில் கதிரை போட்டு இருக்கிறார். “மணக்கல்லயா?” என்றேன். “என்ன?” என்றார். சாமான்களின் பெயர் வாயில் வராமல், “அந்த, அந்த இது” என்று விரலை ஆட்டுவார். வராத கோபத்தில் கோப்பையைத் தூக்கி எறிவார். ஒரு கோபமும் இல்லாத மனிதர் அவர். இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நான் கண்டுகொண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஒரு வள்ளக்காரர் டின்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்னைய கிழமை தன் வள்ளத்துப் பலகைத் துண்டைக் கொண்டுவந்து காட்டி, அதே நீலத்தை வாங்கிக்கொண்டு போனவர்.

“நான் கேட்டது நீலம். இது பச்ச. கரையில நிண்டு பாக்கிறவ எங்கட வள்ளம் எது எண்டு எப்பிடி அறியிற?” என்று டின்னைத் திறந்து என் மேசையில் வைத்தார்.

பச்சைதான். குருடருக்கும் தெரிகிற பச்சை. என் கையெழுத்து அதில் இருந்தது. நிறத்துக்கென்று என் தாளில் ஒரு பெட்டி உண்டு, அதில் நான் ஒருநாளும் பார்த்துக் கையெழுத்து வைத்ததில்லை. கலர் பாஸ் சேர்த்த நிறத்தைச் செக் பண்ண நான் யார்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அவர் அந்த டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் என்ன குறை என்று தேடுகிற பார்வை அது. நான் டின்னை மூடினேன்.

தூள் பழசாகிப் போனதால் வந்த பிழை என்று முதலாளியிடம் பொய் சொன்னேன். வள்ளக்காரருக்கு வேறு டின்கள் கொடுத்து அனுப்பினோம். அன்று பொழுதுபட முன் வீட்டில் என் சட்டைகள் இரண்டைக் கட்டிலில் போட்டேன், ஒன்று நீலம், மற்றது இளம் பச்சை. “அந்த நீலத்த எடுத்துத் தாங்க” என்றேன். அவர் இரண்டையும் பார்த்தபடி நின்றார். ஒன்றை எடுத்தார், வைத்தார், மற்றதை எடுத்தார். பிறகு, “வெளிச்சம் காணாது புள்ள” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். வெளியே வெயில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அதைப்பற்றி நாங்கள் பேசவில்லை. பேசியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். கண் பிழைத்துவிட்டது என்று முதலாளியிடம் சொல்லியிருந்தால், நிறம் தெரியாதவருக்கு அங்கே வேலை இல்லை. வீட்டுக்கு வந்திருப்பார். மீன் விற்றிருக்கலாம், கடை வைத்திருக்கலாம், ஒன்றும் செய்யாமல் வாவிக்கரையில் இருந்திருக்கலாம். ஆனால் கலர் பாஸ் என்று ஊரே கூப்பிடுகிற மனிதரை யாருமில்லாதவராக ஆக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்காகத்தான் செய்தேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டேன். கலர் பாஸின் பெண்சாதியாக இருப்பது எனக்கும் பிடித்திருந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை.

அடுத்த நாள் அவர் தகரத் துண்டில் பூசி, வாடிக்கைக்காரரின் மாதிரிக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நீலம் போதாது. நான் பேனையால் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினேன். அவர் என்னைப் பார்க்காமலே போய், தூள் வரிசையில் முதலாவதாக இருந்த நீலம் கொஞ்சம் போட்டுக் கலந்து, மறுபடி பூசிக் கொண்டுவந்தார். வரிசையில் இரண்டாவதாக இருந்த மஞ்சள் போதாதென்றால் இரண்டு தட்டு. சரியாக வந்துவிட்டால் நான் தட்டமாட்டேன், பேசாமல் இருப்பேன். அவர் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, சத்தம் இல்லையென்றால் ‘சரி’ என்று டின்னில் எழுதிவிடுவார். இப்படி எழுதி வைத்துக்கொண்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை. முதல் நாளே இருவருக்கும் விளங்கிவிட்டது. கல்யாணம் கட்டிப் பதினேழு வருடம், இதற்காவது உதவியது.

இரண்டு கச்சான் காலம் அப்படிப் போனது. சாக்குகளை நான் தொடர்ந்து நனைக்கச் சொன்னேன். யன்னலுக்கும் அவர் கண்ணுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லையா என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்ல? தோன்றியது. தலையணையில் தின்னர் வாடை வந்தது, அவருடைய வேர்வையில் வந்தது. இரசாயனவியல் படித்தவளுக்கு இது தோன்றாமல் போகுமா? தோன்றும்போதெல்லாம் தயிரை நினைத்துக்கொண்டேன். அவருக்கு மட்டும் இரண்டு கோப்பை வைத்தேன்.

அது முடிந்தது வாழைச்சேனையில். ஒரு நாள் வேலை விட்டுச் சைக்கிளில் புறப்பட்டவர் வீட்டுக்கு வரவில்லை. வீடு தெற்கே, இவர் வடக்கே போயிருக்கிறார். அந்த வள்ளக்காரரே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். சைக்கிள் பின்னால் கட்டியிருந்தது.

“துறைமுகத்தில வள்ளம் வள்ளமாப் போய், இது நீலமா, இது நீலமா எண்டு ஆக்களக் கேட்டுக்கொண்டு நிண்டவர். எங்கட வள்ளத்தத்தான் தேடினவர் போல. வீடு எங்க எண்டு கேட்டன். சொல்லத் தெரியல்ல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்டைக்கு நான் கொஞ்சம் சத்தம் போட்டுட்டன். மனசில வெச்சிராதீங்க” என்றார். அந்த மனிதர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டது இன்றைக்கும் என் நெஞ்சில் குத்துகிறது.

அடுத்த நாள் ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் இளம் பெண், பொறுமையாகக் கேட்டார். கையை நீட்டச் சொன்னார், விரல்கள் நடுங்கின. கோட்டின்மேல் நடக்கச் சொன்னார், இவர் வள்ளத்துக்குள் நடப்பவர் போலக் கால் வைத்தார். ஐந்து சொற்களைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துக் கேட்டார், இரண்டுதான் வந்தது. பிறகு இன்னொரு நாள் கண் பகுதியில், பொத்தான் அளவு நிற வட்டங்களைக் கொடுத்து, ஒன்றுக்குப் பக்கத்தில் அதற்குக் கிட்டிய நிறம் வரும்படி வரிசையாக அடுக்கச் சொன்னார்கள். தொழிற்சாலையில் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை அவருக்கு. ஒன்றை எடுத்தார். வைக்காமல் கையில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து என் பக்கம் காதைக் கொடுத்தார். தட்டுக்காகக் காத்திருக்கிறார். என் கையில் பேனை இருந்தது. அதைப் பைக்குள் போட்டு மூடினேன். அவர் கொஞ்சம் காத்திருந்தார். சத்தம் இல்லை. ‘சரி’ என்று தலையாட்டிவிட்டு, நீலத்துக்குப் பக்கத்தில் அந்தப் பச்சையை வைத்தார்.

எல்லாம் பார்த்து முடிந்தபின் வைத்தியர் வேலை இடத்தைப் பற்றிக் கேட்டார். என்ன பரல், எத்தனை வருடம், கை எதனால் கழுவுவது. கடைசியாக, “யன்னல் திறந்திருக்குமா?” என்றார்.

நான் வாய் திறக்க முன் இவர் சொன்னார்: “இல்ல மிஸ். கச்சானுக்குப் பூட்டியிருக்கும். சாக்கு நனச்சுப் போடுவம், ஒரு துரும்பு உள்ளுக்கு வராது.” என்னைக் காட்டி, சிரித்த முகத்தோடு, “இவதான் அந்த யோசன சொன்னவ” என்றார்.

என்னைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்ன எதையும் நான் அதற்கு முன் அவ்வளவு வெறுத்ததில்லை.

வைத்தியர் என்னை ஏசவில்லை. அந்த ஆவி மூச்சோடு போய் இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது என்றார். கை கழுவும்போது தோலாலும் போகிறது. குடித்தவருக்கு வருவது போல முதலில் மயக்கமும் தலையிடியும், வெளியே வந்தால் தெளிந்துவிடும், அதனால் ஆட்கள் பயப்படுவதில்லை. வருடக்கணக்கில் போனால் ஞாபகம், குணம், கை நடுக்கம், நிறம் பார்க்கிற கண் என்று ஒவ்வொன்றாக எடுக்கும். தயிரைப் பற்றிக் கேட்டேன். வயிற்றுக்குப் போகிற தயிர் நெஞ்சுக்குள் போகிற ஆவியை என்ன செய்யும் என்று திருப்பிக் கேட்டார். துணி கட்டினாலும் தூசைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது, அதற்கு வேறு முகமூடி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் முதலில் காற்றோட்டம் வேண்டும் என்றார். இனி அந்தப் பக்கம் போகாவிட்டால் வருத்தம் கூடாமல் நிற்கலாம், போனதில் கொஞ்சம் திரும்பியும் வரலாம். முழுக்கத் திரும்புமா என்று கேட்டேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டு, “முதலே வந்திருந்தால் நல்லது” என்றார்.

முதலே என்றால் எப்போது என்று எனக்குத் தெரியும். வள்ளக்காரர் பச்சை டின்னை என் மேசையில் வைத்த நாள்.

திரும்பி வந்த வேகத்தில் தொழிற்சாலைக்குப் போய்ச் சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தேன். முதலாளி ஓடி வந்தார். “என்ன புள்ள இது, நீதானே போடச் சொன்ன?” என்றார். “ஓம், நான்தான் சொன்னன். நான்தான் கழட்டுறன்” என்று கத்தினேன். ஆசுபத்திரிக் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு ஒரு கதிரையில் இருந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, என்னைப் போலத்தான். பிறகு இரண்டு யன்னல்களில் காற்றை வெளியே இழுக்கிற விசிறி பூட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மற்ற யன்னல்கள் எப்படி என்று தெரியாது. பஸ்ஸில் அந்த இடத்தைக் கடக்கும்போது நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ஏறாவூர்ச் சந்தையில் ஒருநாள் லாத்தாவைக் கண்டேன். அவர் என்னை ஏசுவார் என்று நின்றேன், ஏசினால் நன்றாக இருந்திருக்கும். இவருடைய சுகத்தை விசாரித்துவிட்டு, அழுதுகொண்டு என் கையைப் பிடித்தார். “நான் கேட்டனே புள்ள” என்று ஒரு தடவைதான் சொன்னார்.

இவர் வீட்டில் இருக்கத் தொடங்கி இப்போது மூன்றாவது கச்சான். தலையிடி போய்விட்டது. கோபம் பாதிக்குமேல் இறங்கிவிட்டது. நடுக்கம் இருக்கிறது, பெயர்கள் வருவதில்லை. நீலமும் பச்சையும் மஞ்சளும் அவருக்கு இன்னும் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கின்றன. அந்த வாடை மட்டும் என்னை விடவில்லை. இவருக்கு மூக்கில்லை, எனக்கு அது ஓயாமல் வருகிறது. துவைத்த தலையணையில் வருகிறது, புதுச் சேலையில் வருகிறது. ஒரு நாள் கோயில் விபூதியில் வந்தது. யன்னல் கதவுகளைக் கழற்றியது அதற்காகத்தான். கழற்றியும் போகவில்லை.

போன மாதம் ஒரு பின்னேரம், பின்வாசல் படியில் இருவரும் வாவியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. சில நாளில் அவருக்குத் திடீரென்று தெளிவு வரும், வைத்தியரும் சொன்னதுதான். அன்று வந்தது.

“புள்ள,” என்றார், “தல போகுது எண்டு எனக்குத் தெரியும்.”

“எப்ப?”

“அங்க வேல செய்யக்குள்ளயே. அந்த வள்ளத்துக்கு முதலே தெரியும். நாளைக்கிப் போகாதீங்க எண்டு நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டே இருந்தன். ஒவ்வொரு நாளும் காலையில பாப்பன். நீ ஒண்டும் சொல்லல்ல.”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“நீதானே செக்கிங்,” என்றார். “நீ பேசாம இருந்தா சரி எண்டுதானே. அதால சரி எண்டு போனன்.”

குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. கணக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். நான் அடுப்படிக்குப் போய் நின்று, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். திரும்பி வந்து காலைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். தேத்தண்ணியோடு வந்தபோது அவருடைய முகம் வெறுமையாக இருந்தது. “என்ன சொன்னீங்க, ஞாபகம் இரிக்கா?” என்றேன். “ஆர் சொன்ன?” என்றார். கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்பதற்கு இப்போது ஆள் இல்லை.

இன்றைக்கும் விடிந்தால் அவர் எழும்பி முகம் கழுவி, சேட்டுப் போட்டு, சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்துக் காத்திருக்கிறார். நான் பேசாமல் இருந்தால், ‘சரி’ என்று சொல்லிக்கொண்டு படலையைத் திறக்கிறார். ஆகவே கதவில்லாத யன்னல்களால் நான் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறேன். உள்வீட்டிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும், அயலார் என்ன நினைத்தாலும், விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: “போகாதீங்க. இண்டைக்கு வேல இல்ல. இஞ்ச இரிங்க. போகாதீங்க.”